கடக்காலின் செலவும் கூரையின் வெயிலும்

ஒரு வீட்டின் கடக்காலுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு விடை, அந்த வீடு நிற்கப்போகும் மண்ணிலும் அதன்மேல் அடிக்கும் வெயிலிலும் பெய்யும் மழையிலும்தான் முதலில் இருக்கிறது; மேஸ்திரியின் கூலியும் சிமெண்ட் விலையும் அதற்குப் பிறகே வருகின்றன. குளிர்நாடுகளில் தம் கையால் வீடு கட்டிக்கொள்வோர் அண்மைக் காலத்தில் பெரிதும் விரும்பும் ஒரு கடக்கால் முறை, வெப்பக்காப்பிட்ட ராஃப்ட் எனப்படும் அடித்தளமாகும். ராஃப்ட் என்பது சுவர்களுக்குக் கீழே மட்டும் கடக்கால் போடாமல், வீட்டின் பரப்பு முழுவதற்கும் ஒரே கம்பிக் கான்கிரீட் பலகையாக வார்க்கப்படும் அடித்தளம். அதற்கு அடியிலும் நான்கு ஓரங்களிலும், பாலிஸ்டைரீன் என்னும் நெகிழிக் குமிழ்களை நீராவியால் உப்பவைத்து அச்சில் அழுத்திச் செய்த, தெர்மாகோல் என்று நம்மூரில் அறியப்படும் பொருளின் கடினமான வகையை 30 சென்டிமீட்டர் தடிமன்வரை பரப்பிவிட்டால், அதுவே வெப்பக்காப்பிட்ட ராஃப்ட். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1949-இல் உருவாக்கிய இந்தப் பொருள், இன்று வடக்கு ஐரோப்பாவில் வீடுகளையே தாங்கி நிற்கிறது.

இந்த முறையைப் படத்தில் பார்த்தும் கேள்விப்பட்டும், வெயிலுக்குப் பேர்போன ஊர்களிலும் இதைக் கட்டலாமா, கட்டினால் என்ன செலவாகும் என்று கேட்போர் உண்டு. 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில், நகரி மலைத்தொடரின் அடிவாரத்தில், சென்னையிலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில்பாதையில் இருக்கும் புத்தூரை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு நல்ல தொழில்நுட்பம் எந்த நிலத்துக்கு உரியது, எந்த நிலத்தில் அதே பணம் வேறு எங்கே போகவேண்டும் என்பது தெளிவாகிறது.

முதலில் அந்த முறை பிறந்த நிலத்தைப் பார்க்கவேண்டும். கடுங்குளிரில் மண்ணில் உள்ள நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. அதோடு நில்லாமல், உறையும் அடுக்கு கீழிருந்து மேலும் நீரை உறிஞ்சிப் பனித்தட்டுகளாக வளர்ந்து, தன்மேல் நிற்பதைத் தூக்கிவிடுகிறது. இதனால் கடக்காலை உறைபனி எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோவது அந்நாடுகளின் பழைய விதி. டொராண்டோவில் அந்த ஆழம் சுமார் 1.2 மீட்டர், அவ்வளவு தோண்டியபின் இன்னும் சற்றுத் தோண்டி அறையாக்கிக்கொள்வது மேல் என்பதால்தான், அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலும் நிலவறை இயல்பாக இருக்கிறது. ஓரத்திலும் அடியிலும் வெப்பக்காப்பு போட்டால், வீட்டின் அடிமண் உறையாமல் நின்றுவிடும். ஆழத் தோண்டவேண்டிய தேவை நீங்கும். ஆழ்ந்த பள்ளம் இல்லை, அதில் சுவர் எழுப்பும் கூலி இல்லை, வார்த்த பலகையே தரையாகவும் ஆகிவிடுகிறது, தரையைச் சூடாக்கும் நீர்க்குழாய்களையும் அதற்குள்ளேயே பதித்துவிடலாம். இத்தனையும் மிச்சமாகும்போது வெப்பக்காப்புப் பலகைக்குக் கொடுக்கும் விலை அங்கே பெரிதாகத் தெரிவதில்லை.

எரிபொருள் மிச்சமும் அதே அளவுக்கு முக்கியமானது. நிலத்தின் வெப்பநிலை, மேற்பரப்பில் பகலுக்கும் இரவுக்கும் ஏற்ப ஏறி இறங்கினாலும், அரை மீட்டருக்குக் கீழே அந்த அன்றாட அலை ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. பத்து மீட்டர் அளவில் கோடைக்கும் குளிருக்குமான அலையும் அடங்கி, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரிக்கு நெருங்கிய ஒரே வெப்பநிலையில் மண் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் அந்தச் சராசரி சுமார் 7 பாகை செல்சியஸ். உள்ளே 20 பாகை வைத்திருக்கவேண்டிய 80 சதுர மீட்டர் வீட்டிலிருந்து, காப்பில்லாத தரை வழியே சுமார் 700 வாட் வெப்பம் இடைவிடாமல் மண்ணுக்குள் போகும். 30 சென்டிமீட்டர் காப்பு போட்டால் அது 120 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். ஏழு மாதம் வீட்டைச் சூடாக்கும் ஊரில் ஆண்டுக்கு 3,000 மின் யூனிட் அளவுக்கு வெப்பம் மிச்சமாகிறது என்றால், பலகைக்குச் செலவிட்ட பணம் திரும்பி வருவது உறுதி.

புத்தூரின் நிலம் இதற்கு நேர்மாறானது. மலையில் குவார்ட்சைட் பாறை, அடியில் பழம்பெரும் கருங்கல், அதன்மேல் அக்கல் மக்கி உண்டான சரளைச் செம்மண். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பெரும்பகுதி இத்தகைய மண்தான். உறைபனி என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. மண் கெட்டியாகும் ஆழம்வரை வானம் தோண்டி, அடியில் பெரிய ஜல்லிக் கான்கிரீட் போட்டு, குவாரியிலிருந்து வரும் கரடுக்கல்லைச் சிமெண்ட் கலவையில் அடுக்கிக் கட்டி, அதன்மேல் நான்கு கம்பி ஓட்டிய பெல்ட் எனப்படும் தளைக்கட்டு உத்திரத்தை வார்த்து, உள்ளே கிராவல் நிரப்பிக் கெட்டிப்பது இங்குள்ள வழக்கம். தெலுங்கில் புனாதி என்றும் தமிழில் கடக்கால் என்றும் சொல்லி இரு மொழி மேஸ்திரிகளும் கட்டும் இந்த முறை, உள்ளூர்க் கல்லையும் உள்ளூர்க் கையையும் நம்பியது. ஆலைப் பொருள் குறைவு.

கணக்குக்கு 80 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 860 சதுர அடி, தரைத்தளம் மட்டுமுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உள்சுவரும் வெளிச்சுவரும் சேர்ந்து 60 மீட்டர் நீளம் என்றால், கரடுக்கல் கட்டு சுமார் 40 கன மீட்டர், அதாவது நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 14 யூனிட் ஆகும். சிமெண்ட் எல்லாம் சேர்த்து நூறு மூட்டைக்குச் சற்று மேல். பெல்ட்டுக்குக் கம்பி 300 கிலோ. பேஸ்மட்டம் இரண்டடி உயர்ந்தால் உள்ளே நிரப்ப 15 யூனிட் கிராவல். இதே வீட்டுக்கு 25 சென்டிமீட்டர் தடிமனில் ராஃப்ட் போட்டால் 22 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட்டும், அதற்கு 145 மூட்டையளவு சிமெண்டும், சுமார் 2 டன் கம்பியும் வேண்டும். செலவை ஏற்றுவது சிமெண்டைவிடக் கம்பிதான்: கிலோ 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக வேண்டிய 1.7 டன்னுக்கு மட்டும் ஏறக்குறைய 1,10,000 ரூபாய். அடியில் 30 சென்டிமீட்டர் பாலிஸ்டைரீன் பரப்ப 27 கன மீட்டர் பலகை வேண்டும். கன மீட்டர் 4,000 ரூபாய் என்று கொண்டால் அதுவும் 1,08,000 ரூபாய். கருங்கல்லும் அதைக் கட்டும் கூலியும் மிச்சமாவது உண்மையே. ஆனால் இங்கே தெருமட்டத்துக்கு மேல் இரண்டு மூன்றடி பேஸ்மட்டம் தூக்காமல் யாரும் வீடு கட்டுவதில்லை. தெருவில் சாலை போடும்போதெல்லாம் மட்டம் உயர்ந்து, மழைநீர் வாசலைத் தேடி வருகிறது. ராஃப்டோ தரைமட்டத்துக்கு நெருக்கமாகப் படுத்திருப்பது. அதை உயரத்தில் வைக்கவேண்டுமானால், ஓரத்தில் தாங்குசுவர் கட்டி, அடுக்கடுக்காகக் கிராவல் கொட்டி உருளை ஓட்டிக் கெட்டித்து, அதன்மேல் வார்க்கவேண்டும்; மிச்சம் என்று எண்ணியது அங்கே கரைந்துவிடும்.

ஆகவே கெட்டிச் செம்மண் உள்ள மனையில் ராஃப்ட் தேவையற்ற செலவு. இந்த வீட்டின் எடை சுவர்க் கடக்கால் வழியே இறங்கும்போது, முக்கால் மீட்டர் அகலமான அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு 5 டன் அளவில் அழுத்துகிறது. கெட்டிச் சரளைச் செம்மண் பெரும்பாலும் 20 டன்னுக்கு மேல் தாங்கக்கூடியது. நான்கு மடங்கு வலிமை கையில் இருக்கும்போது எடையை இன்னும் பரப்பிக்கொடுப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா மனையும் செம்மண் அல்ல. ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டங்களில், ஏரியின் உள்வாயிலும் கலங்கலை அடுத்த தாழ்ந்த நிலங்களிலும் நெடுங்காலமாகப் படிந்த களிமண் இருக்கிறது. அந்த நிலங்களும் மனைகளாகிவருகின்றன. களிமண்ணின் சில வகைக் கனிமங்கள் தகடுகளாக அடுக்கப்பட்டவை. அவற்றுக்கு இடையே நீர் புகுந்தால் தகடுகள் விலகி மண் உப்புகிறது, நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பியும் சித்திரை, வைகாசியில் சுருங்கியும் ஆண்டுதோறும் அசையும் மண்ணில், ஒரு மூலை ஏறி மறு மூலை இறங்கும்போது சுவரில் படிப்படியாகச் சாய்ந்த வெடிப்பு ஓடுகிறது. கட்டுபவரின் பிழை என்று பல வீடுகளில் பழி சொல்லப்படும் வெடிப்புகளில் கணிசமானவை இந்த மண்ணின் வேலைதான்.

இதைக் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்றை இந்தியத் தர நிர்ணயத்தின் 2720-ஆம் விதித்தொகுப்பின் 40-ஆம் பகுதி வகுத்திருக்கிறது. உலர்ந்த மண்ணை நுண்சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவுகுவளைகளில் போட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் விட்டுவைக்கவேண்டும். மண்ணெண்ணெய் மூலக்கூறுகளுக்கு நீரைப் போன்ற மின்முனைவு இல்லாததால் அவை களித்தகடுகளுக்கு இடையே புகுந்து உப்பவைப்பதில்லை. ஆகவே மண்ணெண்ணெயில் படிந்த உயரத்தோடு நீரில் படிந்த உயரத்தை ஒப்பிட்டால், அந்த மண் எத்தனை விழுக்காடு உப்பும் என்பது தெரிந்துவிடும். ஒரு நாளில் முடியும் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, வீட்டின் நிலைவாசலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இராது. உப்பல் 50 விழுக்காட்டைத் தொடுமானால், பொறியாளரைக் கேட்காமல் அந்த மனையில் வானம் தோண்டக்கூடாது. தம் சேமிப்பு முழுவதையும் கொட்டி வீடு கட்டுவோர், பூமிபூஜைக்கு நாள் பார்ப்பதோடு இந்தச் சோதனைக்கும் ஒரு நாள் ஒதுக்குவது வழக்கமாகவேண்டும்.

இத்தகைய மண்ணுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்: அசைவு எட்டாத 3.5 மீட்டர் அளவு ஆழத்துக்குத் துளையிட்டு, துளையின் அடியை அதன் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலப்படுத்தி வார்த்து, தூண்களின் தலையில் உத்திரம் ஓட்டி அதன்மேல் சுவர் எழுப்புவது. உப்பும் மண் மேலே தள்ளினாலும் அடியில் விரிந்த பகுதி அதை மண்ணோடு பிடித்து நிறுத்துகிறது. மற்றொன்று ராஃப்ட்: வீட்டின் எடையைச் சதுர மீட்டருக்கு 2 டன் அளவுக்குப் பரப்பி, மண் அசைந்தாலும் வீடு முழுவதும் ஒருசேர அசையும்படி விறைப்பாக்குவது. இந்த மனைகளில் ராஃப்டுக்குக் கொடுக்கும் கூடுதல் லட்சம், வெடித்த வீட்டைப் பின்னாளில் திருத்த ஆகும் செலவைப் பார்க்கையில் நியாயமானதே. அப்போதும் எஞ்சும் கேள்வி, அதன் அடியில் பாலிஸ்டைரீன் வேண்டுமா என்பதுதான்.

எடை தாங்காது என்ற அச்சத்துக்கு இடமில்லை. நூறு என்று தரமிடப்பட்ட பலகை, தன் தடிமனில் பத்தில் ஒரு பங்கு நசுங்கச் சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் சுமைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது மரபு என்பதால், 2 டன் சுமை அதற்கு இயல்பானது. சுவர்களின் அடியில் இன்னும் கெட்டியான தரத்தைப் போடுவார்கள். ஆனால் இங்கே வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது கறையான். செம்மண் நிலங்களில் செழிக்கும் கறையானுக்குப் பாலிஸ்டைரீன் உணவில்லை என்றாலும், அதைக் குடைந்து வழி செய்துகொள்வதற்கு அது மிக எளிதான பொருள். அடித்தளத்துக்குக் கீழே ஒளிந்த அந்த வழி கண்ணுக்குத் தெரியாது, கதவுநிலை அரிக்கப்பட்ட பிறகே வெளிப்படும். மண்ணுக்கு மருந்து தெளிக்கும் முறை இருந்தாலும் மருந்தின் ஆயுள் வீட்டின் ஆயுளைவிடக் குறைவு.

இரண்டாவது நீர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி கரைபுரண்டு திருப்பதி நகரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்த சில நாட்களில், ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டின் நிலத்தடிக் குடிநீர்த் தொட்டி, சிமெண்ட் வளையங்களை அடுக்கிக் கட்டியது, சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே தரைக்கு மேலே எழும்பி நின்றது. மக்கள் அதை அதிசயம் என்று பார்த்தார்கள். நீர் நிறைந்த மண்ணில் காலித் தொட்டியின் எடையைவிட அது விலக்கிய நீரின் எடை மிகுந்துபோனதே அதன் காரணம். பாலிஸ்டைரீன் பலகை கன மீட்டருக்கு 20 கிலோ எடைதான். அதே இடத்தின் நீர் 1,000 கிலோ. பரப்பிய 27 கன மீட்டர் பலகையும் நீரில் அமிழ்ந்தால், அதை மேலே தள்ளும் விசை 26 டன்னுக்கு மேல். கட்டிமுடித்த வீடு தன் எடையால் அதை அடக்கிவிடும். ஆனால் பலகை பரப்பிக் கம்பி கட்டி, கான்கிரீட் இன்னும் போடாத இரண்டு மூன்று நாட்களுக்குள் ஐப்பசி மழை வந்தால், மொத்தமும் மிதந்து கலைந்துவிடும். வங்கக்கடலில் புயல் உருவாகும் மாதங்களில் இந்த வேலையைத் தொடங்குவது பணத்தைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

இவற்றையெல்லாம் சமாளித்துப் போட்டுவிட்டால் வீடு குளிர்ந்திருக்குமா என்று பார்த்தால், முடிவு நேரெதிராக வருகிறது. இந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28, 29 பாகையை ஒட்டியது. அக்கினி நட்சத்திர நாட்களில் வெளியே 42 பாகையைத் தொட்டு, வீட்டுக்குள் 34 பாகை நிற்கும்போது, தரைக்குக் கீழே ஆழத்தில் 29 பாகையில் மண் இருக்கிறது. வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் நீர்போல வீட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. 80 சதுர மீட்டர் தரை வழியே இரவும் பகலும் ஏறக்குறைய 280 வாட். செலவில்லாமல் கிடைக்கும் இந்தக் குளிர்ச்சிதான், நண்பகலில் சிவப்பு ஆக்சைடு தரையிலோ கடப்பைக் கல் தரையிலோ பாயில்லாமல் படுப்பவருக்குக் கிடைக்கும் இதம். அதன் அடியில் 30 சென்டிமீட்டர் காப்பு போட்டால் 280 வாட் 44 வாட்டாகக் குறைந்துவிடும்; லட்ச ரூபாய் கொடுத்து, மண் தரும் குளிர்ச்சியை அடைத்ததாகும். குளிர்சாதனம் வைத்து 24 பாகையில் இருக்கும் அறையில் மட்டும் வெப்பம் மண்ணிலிருந்து மேலே வரும் என்பது உண்மை. ஆனால் 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு அது நாற்பது வாட்டைச் சுற்றியே இருக்கும், அதற்காக அடித்தளத்தை மாற்றவேண்டியதில்லை.

வீட்டுக்குள் வெப்பம் வரும் பெருவாயில் தலைக்கு மேலே இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் இருபுறத்துக்கும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் அதைக் கடக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு, யு-மதிப்பு எனப்படுகிறது. வெறும் கான்கிரீட் மாடித் தளத்தின் யு-மதிப்பு 3.5-க்கு மேல். மே மாத நண்பகலில், நேர்வெயில் வாங்கும் தளத்தின் மேற்பரப்பு 60 பாகையைத் தொடும். உள்ளே 34 என்றால் வேறுபாடு 26 பாகை. 80 சதுர மீட்டருக்குப் பெருக்கினால் 7,000 வாட்டைத் தாண்டுகிறது. கான்கிரீட் தன் பருமனால் இந்த வெப்பத்தைச் சில மணி நேரம் தேக்கிவைத்து, உச்சத்தைச் சற்று மழுங்கச்செய்து, மாலையிலும் இரவிலும் அறைக்குள் விடுகிறது; இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை இறைப்பது இதனால்தான். தரை வழியே நடப்பதைப்போல் இருபத்தைந்து மடங்கு வெப்பம் நடமாடும் கூரையை விட்டுவிட்டுத் தரைக்குக் காப்பிடுவது எந்தக் கணக்கிலும் நிற்காது.

இந்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018-இல் வெளியிட்ட, குடியிருப்புகளுக்கான எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் பாலிஸ்டைரீனே இந்த வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். 5 சென்டிமீட்டர் போட்டால் 0.6 அளவுக்கு இறங்கி, 7,000 வாட் 1,250 வாட்டாகக் குறைகிறது. அதற்கு வேண்டிய பலகை 4 கன மீட்டர். தரைக்கடியில் புதைக்க இருந்த 27 கன மீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, விலை 16,000 ரூபாய். தளத்தின்மேல் நீர்க்காப்புப் பூச்சு, அதன்மேல் பலகை, அதன்மேல் வாட்டம் வைத்த கலவைத் தளம், மேலே வெளிர்நிறத் தட்டோடு என்று அடுக்கினால் பலகை வெயிலில் நேரே படாமல் பாதுகாப்பாக இருக்கும். பழைய சென்னை மாகாணத்து வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதித்த மேல்தளம் இதே வேலையைத் தடிமனாலும் துளைமையாலும் செய்துவந்தது. செலவு கருதி அதைக் கைவிட்ட வீடுகளில் கோடை கடுமையானது. ஒன்றுமே முடியாதவர் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தெலங்கானா 2023-இல் ஒரு கொள்கை வகுத்தது.

இதே கணக்கைச் சிறிய வீட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிய ஏழைகளுக்கு வீடு திட்டத்தில், சித்தூர் மாவட்டத்துக்கான மனைப்பட்டா வழங்கல் ஸ்ரீகாளஹஸ்தியை அடுத்த ஊரந்தூரில் நடந்தது. அத்திட்டத்தின் வீடு 340 சதுர அடி. அரசு தந்த தொகை 1,80,000 ரூபாய், அதன்மேல் மகளிர் சுயஉதவிக்குழு வழியாக 35,000 ரூபாய்க் கடன். நகரங்களில் ஒரு சென்ட், சிற்றூர்களில் ஒன்றரை சென்ட் மனையில், தாமே நின்று கட்டிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டின் அடியில் 30 சென்டிமீட்டர் காப்பு போட, பலகைக்கு மட்டும் 38,000 ரூபாய் ஆகும்; கடன் தொகை முழுவதும் போதாது. கூரைமேல் 5 சென்டிமீட்டர் போட 6,500 ரூபாய்ப் பலகை போதும், அதை மூடும் கலவையும் ஓடும் தனி. தளக் கான்கிரீட் போட்டதோடு பணம் தீர்ந்து, மேல்தளம் பதிக்காமலே குடிபுகும் வீடுகளில் கோடையின் அனலை அதிகம் சுமப்பவர்கள் பகல் முழுவதும் உள்ளே இருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் ஆதலால், இத்தகைய திட்டங்களின் மதிப்பீட்டுத் தாளில் கடக்கால், பெல்ட், தளம் என்று தவணை பிரிக்கும்போது, கூரையின் வெப்பக்காப்புக்கும் ஒரு வரியும் அதற்குரிய தொகையும் சேர்க்கப்படவேண்டும். களிமண் மனைகளுக்கு, முதல் தவணையோடு உப்பல் சோதனைக்கான தொகையும் போகவேண்டும்.